பெரிய டிரான்ஸ்ஃபர் வதந்தியை எப்படிப் படிப்பது: புதிய கால்பந்து ரசிகர்களுக்கு

ஒரு கிளப்பைப் பிடித்துப்போய் அதன் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்குகிறீர்கள். மே மாதம் சீசன் முடிகிறது. ஆட்டமே இல்லாத அந்தக் கோடையில்தான் ரசிகர்கள் இன்னும் அதிகமாகப் பேசுகிறார்கள் என்பது அப்போது தெரியவரும். பேச்செல்லாம் டிரான்ஸ்ஃபர், அதாவது ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவது பற்றித்தான். 'அவர் நம்மிடம் வருகிறாராம், பத்து கோடி பவுண்டாம், சம்பளம்கூடப் பேசி முடித்தாயிற்றாம்.' மறுநாள் காலையில் அதே ஆட்டக்காரர் வேறு கிளப்புக்குப் போவதாகச் செய்தி. அதற்கு மறுநாள், எங்கேயும் போகவில்லை என்று இன்னொரு செய்தி. புதிதாக வந்தவருக்குத் தலை சுற்றும்.

இந்தப் பேச்சை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு கிளப்பின் பணநிலை என்ன, பயிற்சியாளர் எப்படி ஆட நினைக்கிறார், அணியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதையெல்லாம் பல ரசிகர்கள் டிரான்ஸ்ஃபர் பேச்சு மூலமாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. புதியவர்கள் வாங்கத் துடிக்கும் கிளப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது விற்கும் கிளப்பை. எந்தப் பெரிய வதந்தி வந்தாலும், 'இவரை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு என்ன கட்டாயம்?' என்று கேளுங்கள். பாதி வதந்திகள் அந்த ஒரு கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

முதல் படி: ஒப்பந்தம் எப்போது முடிகிறது?

செய்தியைப் படித்ததும் தேட வேண்டிய முதல் தகவல் இதுதான். ஆட்டக்காரருக்கு இன்னும் நான்கு ஆண்டு ஒப்பந்தம் இருந்தால், விற்கும் கிளப் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஓராண்டுதான் மிச்சம் என்றால் நிலைமை தலைகீழ். இப்போது விற்காவிட்டால் அடுத்த கோடையில் ஒரு காசு வாங்காமல் அனுப்பிவைக்க வேண்டியதுதான். 1995 டிசம்பரில் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் இதற்கு அடித்தளம். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பணம் எதுவும் கைமாறாமல் வேறு கிளப்புக்குப் போகலாம் என்று அது உறுதிசெய்தது. கடைசி ஆறு மாதத்தில் அவர் வெளிநாட்டுக் கிளப்புடன் நேரடியாகப் பேசி முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் ஃபிஃபா விதி இடம் தருகிறது. ஜனவரி பிறந்ததும் சில பெயர்கள் திடீரென்று செய்தியில் அடிபடுவது அதனால்தான்.

எம்பாப்பே கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜியுடன் அவருக்கு ஓராண்டு ஒப்பந்தம்தான் பாக்கி. ரியல் மாட்ரிட் சுமார் 16 கோடி யூரோ தர முன்வந்தது. பிஎஸ்ஜி மறுத்தது. அடுத்த மே மாதம் அவர் மாட்ரிட்டுக்குப் போவது உறுதி என்றே பலரும் நம்பியிருந்தபோது பாரிசிலேயே புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கடைசியில் அந்த ஒப்பந்தமும் முடிந்து, 2024 கோடையில் மாட்ரிட் போய்ச் சேர்ந்தார். பிஎஸ்ஜிக்கு டிரான்ஸ்ஃபர் தொகையாக எதுவும் கிடைக்கவில்லை. ஓராண்டுதான் பாக்கி என்றால் விற்றே தீர்வார்கள் என்று கணக்குப் போடுவது பொதுவாகச் சரிதான். ஆனால் பணத்துக்குக் கவலைப்படாத கிளப்பிடம் அந்தக் கணக்கு எடுபடாது என்பதையும் இதில் பார்க்கலாம்.

இரண்டாம் படி: ரிலீஸ் கிளாஸ் உண்டா?

இன்ன தொகையைக் கொடுத்தால் ஆட்டக்காரர் போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பதுதான் ரிலீஸ் கிளாஸ். அந்தத் தொகை வந்துவிட்டால் விற்கும் கிளப்பின் சம்மதம் தேவையில்லை. ஸ்பெயினில் 1985-ல் வந்த அரசாணை ஒன்றின்படி, ஆட்டக்காரர் இழப்பீடு கட்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடியும். அதனால் அங்கே ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு தொகை இருக்கும். யாரும் தொட முடியாத அளவுக்கு அதை உயர்த்தி வைப்பதும் வழக்கம். பார்சிலோனாவில் மெஸ்ஸியின் தொகை 70 கோடி யூரோவாக இருந்தது.

அதே பார்சிலோனாவில் நெய்மாரின் தொகை 22.2 கோடி யூரோ. அதையும் யாரும் தொட மாட்டார்கள் என்றுதான் நினைத்தார்கள். 2017 ஆகஸ்ட் 3-ம் தேதி நெய்மாரின் வழக்கறிஞர்கள் பணத்தோடு முதலில் ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் அலுவலகத்துக்குப் போனார்கள். லா லிகா வாங்க மறுத்தது. அதே நாளில் பார்சிலோனாவிடமே நேராகக் கட்டினார்கள், நெய்மார் பிஎஸ்ஜிக்குப் போனார், கதை முடிந்தது. இன்றுவரை உலகிலேயே பெரிய டிரான்ஸ்ஃபர் தொகை அதுதான். பார்சிலோனாவுக்கு அவரை விற்க விருப்பம் இருந்ததா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

தொகை குறைவாக இருந்தால் பரபரப்பு வேறு விதம். டார்ட்மண்டில் ஹாலண்டின் தொகை 6 கோடி யூரோ. அவர் சந்தை மதிப்புக்கு அது கொள்ளை மலிவு. ஆகவே 2022-ல் 'போவாரா' என்று யாரும் கேட்கவில்லை, 'எங்கே போவார்' என்பதுதான் பேச்சு. மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார்.

ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருப்பதாகச் செய்தி வந்தால், அது எந்த நிபந்தனையோடு எழுதப்பட்டது என்பதையும் தேடுங்கள். 2013-ல் லிவர்பூலின் சுவாரெசுக்கு ஆர்சனல் 4,00,00,001 பவுண்டு தர முன்வந்தது. நான்கு கோடியைத் தாண்டினால் போதும் என்ற எண்ணத்தில் போட்ட அந்த ஒரு பவுண்டு இன்றும் ரசிகர்களிடையே பிரபலம். லிவர்பூல் விற்க மறுத்தது. அடுத்த ஆண்டுதான் அவர் போனார், அதுவும் பார்சிலோனாவுக்கு.

மூன்றாம் படி: பேரம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 'ஆர்வம் காட்டுகிறது' என்பதும் 'பேசி முடித்தாயிற்று' என்பதும் தலைப்புச் செய்தியில் ஒரே அளவு எழுத்தில் வரும். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஒரு டிரான்ஸ்ஃபர் பொதுவாக இப்படி நகரும். முதலில் வெறும் ஆர்வம். ஒரு பெரிய கிளப்பின் ஸ்கவுட்டுகள் (ஆள் தேடுபவர்கள்) ஒரே நேரத்தில் ஏராளமான ஆட்டக்காரர்களைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆகவே 'கவனித்து வருகிறது' என்ற செய்திக்கு மதிப்பு மிகக் குறைவு. அப்புறம் விசாரணை: ஏஜென்ட்டிடம் 'வர விருப்பமா, என்ன சம்பளம் எதிர்பார்க்கிறார்' என்று கேட்பது. பிறகு விலை கேட்டு எழுத்துமூலம் போடும் பிட். முதல் பிட் பெரும்பாலும் நிராகரிக்கப்படும், அதைப் பார்த்து மனம் உடையத் தேவையில்லை. கிளப்கள் இரண்டும் தொகைக்கு ஒப்புக்கொள்வது ஒரு கட்டம். ஆட்டக்காரர் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்வது தனிக் கட்டம். இவை எந்த வரிசையிலும் நடக்கலாம். கடைசியில் மெடிக்கல் (உடல் பரிசோதனை), கையெழுத்து, பதிவு.

கிளப்கள் ஒப்புக்கொண்டும் ஆட்டக்காரர் வராமல் போன கதை வேண்டுமா? 2023 ஆகஸ்டில் பிரைட்டனின் கைசெடோவுக்கு லிவர்பூல் 11.1 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. கிளப்புடன் பேசி முடித்துவிட்டோம் என்று பயிற்சியாளர் கிளாப் செய்தியாளர்களிடமே சொன்னார். ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் கைசெடோவுக்கு செல்சிதான் வேண்டும். சில நாட்களில் 10 கோடி பவுண்டும் அதற்கு மேல் நிபந்தனைத் தொகையாக 1.5 கோடி வரையும் என்று பேசி அங்கே போய்விட்டார். விற்கும் கிளப்பும் வாங்கும் கிளப்பும் சரி என்றாலும் மூன்றாவது தலை ஆடவில்லை என்றால் ஒன்றும் நடக்காது.

மெடிக்கல் முடிந்தாலாவது நிம்மதியாக இருக்கலாமா? 2013-ல் வில்லியன் டாட்டன்ஹாமில் மெடிக்கல் வரை போய்விட்டு செல்சியில் கையெழுத்திட்டார். எல்லாம் முடிந்து காகிதம் மட்டும் பாக்கி என்ற கட்டமும் கவிழ்ந்திருக்கிறது. 2015 ஆகஸ்ட் 31 இரவு, மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டி கெயா ரியல் மாட்ரிட்டுக்கும், அங்கிருந்து நவாஸ் யுனைடெட்டுக்கும் மாற வேண்டியது. ஸ்பெயினில் விண்டோ (டிரான்ஸ்ஃபருக்கு அனுமதியுள்ள காலம்) மூடும் நேரத்துக்குள் ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. இரண்டு கிளப்பும் ஒன்றையொன்று குறைசொல்லி அறிக்கை விட்டன. டி கெயா அதே செப்டம்பரில் யுனைடெட்டுடன் புதிய ஒப்பந்தம் போட்டார். மாட்ரிட்டிலேயே இருந்துவிட்ட நவாஸ் அடுத்த மூன்று ஆண்டும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். நவாசை நினைத்து நான் இன்றும் மகிழ்வதுண்டு.

ஆகவே எந்தச் செய்தியைப் படித்தாலும், இது எந்தக் கட்டம் என்று மனதுக்குள் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து வரும் செய்தியும் அதே கட்டத்தில் இருந்தால், வார்த்தைகள்தான் மாறுகின்றன, பேரம் நகரவில்லை என்று பொருள்.

நான்காம் படி: விற்கிறவருக்கு மாற்று ஆள் கிடைத்தாரா?

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் உள்ளதிலேயே பயனுள்ள படி இதுதான். நட்சத்திர ஆட்டக்காரரை விற்கும் கிளப் அந்த இடத்தை யாரைக் கொண்டு நிரப்பும் என்று பாருங்கள். அந்தத் தேடலில் அசைவு இருந்தால் விற்பனையிலும் அசைவு இருக்கும்.

2025 கோடையில் ஒரே நாளில் இரண்டு விதமும் நடந்தன: மாற்று ஆள் கிடைத்து ஒரு விற்பனை முடிந்தது, கிடைக்காமல் இன்னொன்று முறிந்தது. நியூகாசில் முன்களத்தவர் இசாக்கை லிவர்பூல் விரும்பியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அது போட்ட 11 கோடி பவுண்டு பிட் நிராகரிக்கப்பட்டது. இசாக் கிளப்பிலிருந்து விலகியே நின்றார். தனக்குத் தந்த வாக்கு மீறப்பட்டதாகப் பகிரங்கமாக எழுதினார். அவரை விற்பதற்கான நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று நியூகாசில் அறிக்கை விட்டது. அறிக்கையை மட்டும் படித்தவர்கள் 'அவ்வளவுதான், முடிந்தது' என்றார்கள். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் நியூகாசில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து இன்னொரு முன்களத்தவரான வோல்டமாடேவைப் பெரிய தொகைக்கு வாங்கியது. அந்தச் செய்தியைப் பார்த்த கணமே அனுபவசாலி ரசிகர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. செப்டம்பர் 1-ம் தேதி 12.5 கோடி பவுண்டுக்கு இசாக் லிவர்பூல் போனார். பிரிட்டனில் அதுவரை அவ்வளவு பெரிய தொகை கைமாறியதில்லை.

அதே செப்டம்பர் 1-ம் தேதி, அதே லிவர்பூல் கிரிஸ்டல் பேலசின் பாதுகாப்பு ஆட்டக்காரர் மார்க் கெஹியை வாங்கவும் 3.5 கோடி பவுண்டுக்குப் பேசி வைத்திருந்தது. பேலஸ் அவருக்குப் பதிலாக எடுக்க நினைத்தவர் வேறு கிளப்புக்குப் போய்விட்டார். மாற்று ஆள் இல்லை, ஆகவே விற்பனையும் இல்லை. வாங்கும் கிளப் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று இரவு நடந்தது புரியவே இல்லை.

ஐந்தாம் படி: யார் சொன்னது, அது வெளியே வந்ததால் யாருக்கு லாபம்?

டிரான்ஸ்ஃபர் செய்தி தானாகக் கசிவதில்லை, யாரோ ஒருவர் சொல்லித்தான் வெளியே வருகிறது. ஏஜென்ட் சொன்னால் அவருடைய ஆட்டக்காரருக்குச் சம்பள உயர்வு கிடைக்கலாம். விற்கும் கிளப் சொன்னால் 'இன்னும் நான்கு பேர் போட்டியில் இருக்கிறார்கள்' என்று விலை ஏறலாம். வாங்கும் கிளப் சொன்னால் 'நாங்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை' என்று கோபத்தில் இருக்கும் ரசிகர்களை அமைதிப்படுத்தலாம். பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. உண்மையையே தங்களுக்கு வசதியான நாளில் சொல்வார்கள்.

ஒரு பெரிய பெயர் இரண்டு கோடையாகச் செய்தியில் அடிபட்டு, கடைசியில் பழைய கிளப்பிலேயே புதிய ஒப்பந்தம் போடுவது சாதாரணம். அத்லெடிக் பில்பாவோவின் நிகோ வில்லியம்ஸ் 2024-லும் 2025-லும் பார்சிலோனா போகிறார் என்று பேசப்பட்டது. 2025 ஜூலையில் பில்பாவோவுடன் 2035 வரை கையெழுத்திட்டார், ரிலீஸ் தொகையும் கூடியது. ஆகவே ஒப்பந்தப் புதுப்பிப்பு பேச்சு நடக்கும் நேரத்தில் வரும் வதந்தியைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் படியுங்கள்.

செய்தியாளர்களைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கிளப்புக்கும் அதைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் உள்ளூர்ச் செய்தியாளர்கள் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்துப் படியுங்கள். பிரபல டிரான்ஸ்ஃபர் செய்தியாளர் ஃபாப்ரிசியோ ரொமானோ 'ஹியர் வீ கோ' என்று போட்டால் பேரம் பெரும்பாலும் முடிவை எட்டிவிட்டது என்று ரசிகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவரே அதே நாளில் போடும் மற்றப் பதிவுகள் எல்லாம் அந்த எடைக்கு ஈடல்ல. விற்கும் நாட்டுப் பத்திரிகையும் வாங்கும் நாட்டுப் பத்திரிகையும் தனித்தனியாக ஒரே விவரத்தைச் சொன்னால் நம்பிக்கை கூடும். பத்து தளங்கள் ஒரே செய்தியைச் சொன்னாலும் எல்லாம் ஒரே மூலத்தைச் சுட்டினால் அது ஒரு செய்திதான், பத்தல்ல.

சக ஆட்டக்காரர் சொன்னால்? 2017 ஜூலை 23-ம் தேதி பீக்கே நெய்மாருடன் எடுத்த படத்தைப் போட்டு 'இங்கேயே இருக்கிறார்' என்று எழுதினார். பதினோரு நாளில் நெய்மார் போய்விட்டார். பெரிய பத்திரிகை என்றால்? 2009 ஜனவரியில் லண்டன் டைம்ஸ் வெளியிட்ட வளரும் ஆட்டக்காரர்கள் 50 பேர் பட்டியலில் 30-வது இடத்தில் மால்டோவாவைச் சேர்ந்த மசல் புக்டுவ் என்ற 16 வயதுப் பையன் இருந்தான். ஆர்சனல் வாங்கப்போவதாகவும் பேச்சு. அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை. இணையத்தில் யாரோ கட்டிவிட்ட கதை பட்டியல் வரை ஏறிவிட்டது.

போலிக் கணக்குகளும் உண்டு. பிரபலச் செய்தியாளரின் படத்தையும் பெயரையும் வைத்து, ஒரே ஓர் எழுத்தை மாற்றிக் கணக்கு தொடங்குவார்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் பகிர்வதற்கு முன்னால் மூலப் பதிவைத் தேடிப் பாருங்கள். அரை நிமிட வேலைதான்.

ஆறாம் படி: பணக் கணக்கு

ஒரே டிரான்ஸ்ஃபருக்கு இரண்டு பத்திரிகையில் இரண்டு தொகை வந்தால், பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும். உறுதியான தொகை வேறு, இத்தனை ஆட்டம் ஆடினால், கோப்பை வென்றால் என்று பின்னால் சேரும் தொகை வேறு. 2025-ல் விர்ட்ஸ் லிவர்பூல் வந்தபோது உறுதித் தொகை 10 கோடி பவுண்டு, சேரக்கூடியது 1.6 கோடி. கூட்டிச் சொல்பவர் 11.6 என்பார், கூட்டாதவர் 10 என்பார். வாங்கும் கிளப்பின் ரசிகர்கள் சின்ன எண்ணையும் விற்கும் கிளப்பின் ரசிகர்கள் பெரிய எண்ணையும் சொல்வார்கள்.

'இவர்களிடம் ஏது இவ்வளவு பணம்' என்ற சண்டை அடிக்கடி வரும். அதில் இறங்குவதற்கு முன் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கணக்குப் புத்தகத்தில் டிரான்ஸ்ஃபர் தொகை ஒரே ஆண்டில் ஏறாது, ஒப்பந்தக் காலம் முழுவதும் பிரித்துப் போடப்படும். 2023 ஜனவரியில் செல்சி என்சோ பெர்னாண்டசை 12.1 கோடி யூரோவுக்கு வாங்கி எட்டரை ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. எட்டரையால் வகுத்தால் ஆண்டுக்கு 1.42 கோடி. ஐந்து ஆண்டாக இருந்திருந்தால் 2.42 கோடி. இந்த வழியைப் பார்த்த ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா அந்தக் கோடையிலேயே, ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஐந்து ஆண்டுக்குள்தான் பிரிக்க வேண்டும் என்று விதியை மாற்றியது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கும் பின்னர் அதையே பின்பற்றியது.

விற்பனையில் வரும் லாபம் மட்டும் அப்படிப் பிரியாது, அந்த ஆண்டே முழுதாகக் கணக்கில் ஏறும். சொந்த அகாதமியில் வளர்ந்தவரை விற்றால், அவருக்கு வாங்கிய விலை என்று ஒன்று இல்லாததால் ஏறக்குறைய முழுத் தொகையும் லாபம். விதிகள் அனுமதிக்கும் நட்ட வரம்பை நெருங்கிய கிளப்கள் ஜூன் மாதக் கணக்கு முடிப்புக்கு முன்னால், சின்ன வயதிலிருந்தே அங்கே ஆடிய பையன்களை விற்பது இதனால்தான். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் காரணம் இதுதான். பணநெருக்கடியில் இருக்கும் கிளப் எது என்று தெரிந்துவைத்திருந்தால், ஜூன் கடைசியில் யார் விற்கப்படலாம் என்று நீங்களே ஓரளவு ஊகிக்கலாம்.

ஏழாம் படி: நீங்களும் கணியுங்கள்

இத்தனையும் தெரிந்தபின் ஊகத்தில் தாராளமாக இறங்கலாம். 'அவர் வந்தால் நன்றாக இருக்கும்' என்பதோடு நிறுத்தாமல், ஒப்பந்தம் எவ்வளவு, விற்கும் கிளப்புக்கு என்ன தேவை, பேரம் எந்தக் கட்டத்தில், அவர் வந்தால் நம் அணியில் யார் வெளியே உட்கார வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். விவாதத்தின் தரமே மாறிவிடும். விமானம் எங்கே இறங்கியது, யார் யாரைப் பின்தொடர்வதை நிறுத்தினார் என்பதெல்லாம் பேசிச் சிரிக்கச் சரி, ஆதாரமாக வைக்காதீர்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பேரம் முறிந்தால் ஆட்டக்காரரின் சமூக ஊடகப் பக்கத்துக்கோ அவர் குடும்பத்தாரின் பக்கத்துக்கோ போய்த் திட்டாதீர்கள். எங்கே வேலை செய்வது, எந்த ஊரில் பிள்ளைகளை வளர்ப்பது என்பது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு.

கடைசி நாளில் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். பிரீமியர் லீக்கில் விண்டோ மூடுவதற்கு முன்னால் 'டீல் ஷீட்' என்ற படிவத்தைச் சமர்ப்பித்துவிட்டால், மீதி ஆவணங்களை முடிக்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆகவே மணி அடித்தும் அறிவிப்பு வரவில்லை என்று உடனே படுத்துவிடாதீர்கள், அந்த நேரமும் தீரட்டும். இன்னொன்று, விண்டோ மூடியபின் வேறு கிளப்பிலிருந்து ஆள் எடுக்க முடியாதே தவிர, விண்டோ இன்னும் திறந்திருக்கும் நாடுகளுக்கு விற்கத் தடையில்லை. துருக்கி, சவுதி அரேபியா போன்ற நாடுகளில் பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் மூடும். உங்கள் அணியில் இடமில்லாமல் தவிக்கும் ஆட்டக்காரர்கள் யார் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அந்த நாட்டுச் செய்திகளை இன்னும் ஒரு வாரம் பாருங்கள்.